ஆனி கடைசி நாளில் வந்த பட்டாள லாரி

எங்கள் சங்கரன்கோவிலில் பட்டாளத்து வண்டிமேல் கிறுக்குப் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்னொருவர் விசைத்தறி வைத்திருக்கும் அண்ணாச்சி.

என்னிடம் பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் மார்க்கெட்டிலிருந்து மல்லிகை மூட்டையை ஏற்றி வருவது அதில்தான். அது ஸ்டார்ட் ஆனால் கோமதி அம்பாளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ஆகாத நாளிலும் நன்றி சொல்லுவேன். நடுரோட்டில் நிற்காமல் வீட்டிலேயே நின்றுவிட்டதே, அதற்கு.

அண்ணாச்சிக்கு ஜீப் போதாது. லாரிதான் வேண்டும். பச்சைப் பெயிண்டு, பெரிய மூக்கு, பின்னால் தார்ப்பாய்க் கூண்டு. எதற்கு என்று கேட்டால், தறித் துணியை ஏற்றலாம் என்பார். தறித் துணிக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு மினி லாரி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்தால் நான் பூக் கட்டுவேன், அவர் அச்சைப் பற்றியும் ஸ்பிரிங் பட்டையைப் பற்றியும் பேசுவார். பிச்சிப்பூ வாங்க வந்த பெண்கள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். "நீங்க ரெண்டு பேரும் பேசாம ஒரு பழைய இரும்புக் கடை போட்டிருக்கலாம், குடும்பமாவது நிம்மதியா இருந்திருக்கும்" என்பாள் என் வீட்டுக்காரி.

கடைசியில் மதுரைக்கு வெளியே ஒரு வியாபாரியிடம் அப்படி ஒரு லாரி இருப்பதாகத் தகவல் வந்தது. பட்டாளத்தில் ஏலம் விடுகிற வண்டிகளை எடுத்து, ஓடுகிறதை விற்பார், ஓடாததை வெட்டி எடைக்குப் போடுவார். அண்ணாச்சி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடை முன்னால் நின்றார். போனில் எடுத்த படத்தை நீட்டினார். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளைகூட அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

காகிதங்கள் சரியாகி வருவதற்குள் ஆனி மாதம் முடியப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வியாபாரி போன் பண்ணினார். "அண்ணே, நாளைக்கு எடுத்துருங்க. நாளைமறுநாள் வெட்டுற ஆளுங்க கேஸ் சிலிண்டரோட வாராங்க. அவனுங்களுக்கு விக்கிற வண்டி எது, வெட்டுற வண்டி எதுன்னு தெரியாது. பச்சையா இருந்தா வெட்டிருவானுங்க."

இந்தச் செய்தியை வீட்டில் சொல்லும்போது துணைக்கு இருக்கட்டும் என்று அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, ஆனால் கொள்கைப் பிடிப்புள்ளவர்.

"சண்டையில ஓடுன வண்டி" என்றார் மதினி. "எத்தனை பேரைத் தூக்கிட்டுப் போச்சோ, எத்தனை பேரைத் தூக்கிட்டு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்? அம்பாள் வாசல்ல பூசை போடாம என் வாசலுக்கு வரக்கூடாது."

"அது சும்மா அரிசி மூட்டை ஏத்துன வண்டிதாம்ட்டி" என்றார் அண்ணாச்சி.

"நீங்க பார்த்தீகளா? நாளைச் சாயங்காலமே ஆடி பொறந்துருதுன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு. ஆடியில புதுசா ஒண்ணும் வீட்டுக்குள்ள வரப்பிடாது. மத்தியானம் நடை சாத்துததுக்கு முன்னால பூசை முடிஞ்சா உள்ள. இல்லைன்னா அப்படியே இரும்புக் கடைக்கு ஓட்டிட்டுப் போயிருங்க. நீங்களும் அங்கனயே இருந்துக்கிடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அம்பாளைப் பார்த்தேன். மதினி சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். அதை அங்கே சொன்னால் அண்ணாச்சி என்னோடு பேசமாட்டார் என்பதால் கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலையே மதுரைக்குப் போய் ஒரு லாட்ஜில் தங்கினோம். நான் ஒரு பையில் சூடம், சாம்பிராணி, குங்குமம், எலுமிச்சம்பழம் நான்கு, என் கையாலே கட்டிய ஒரு செவ்வந்தி மாலை எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். விடிந்ததும் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வியாபாரியின் இடத்துக்குப் போனோம்.

லாரி நின்றது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. தகரமும் டயரும் குவிந்த மைதானத்தில் ஒரு மலைபோல, மூக்கைச் சுற்றுச்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி போய் மட்கார்டைத் தடவினார். நான் பொட்டு வைக்கப் போனேன்.

இங்கேதான் என் சொந்தச் சரக்கை நான் அவிழ்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி கிளம்பினால் சாமி முன்னால் போய் நிற்கும்வரை பின்னால் போகக் கூடாது. என் ஜீப்பை முதல் நாளே நான் அவசரத்தில் ரிவர்ஸ் எடுத்தேன். அதிலிருந்து அது என்னைப் படுத்திய பாடு எனக்கும் அம்பாளுக்கும்தான் தெரியும்.

"அண்ணாச்சி, ரிவர்ஸ் போடப்பிடாது" என்றேன்.

"சுவத்துல முட்டிட்டுல்லா நிக்கி! ரிவர்ஸ் போடாம எப்படிவே எடுக்க? சுவத்தை இடிக்கவா?"

நான் யோசித்தேன். பயணம் எப்போது ஆரம்பிக்கிறது? எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கும்போது. அதற்கு முன்னால் வண்டி என்பது வெறும் இரும்பு. இரும்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் குற்றமில்லை. ஆகையால் எஞ்சினைப் போடாமல் ஆள் வைத்துப் பின்னால் தள்ளி, வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டுப் பழத்தை வைக்கலாம் என்றேன்.

வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இதுதாண்ணே பக்தி. இந்தக் காலத்துல யாருண்ணே இப்படிப் பார்க்கிறா? ரிவர்ஸே போடாதீங்க. என்னையக் கேட்டா, ஊருக்குப் போன பிறகும் போடாதீங்க" என்று சொல்லி, தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டார். அவர்கள் மூச்சு முட்டத் தள்ளினார்கள். வியாபாரியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தள்ளினார். மதுரைக்காரர்களுக்குத்தான் எவ்வளவு சாமி பக்தி என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சிக்கல் பழத்தில் வந்தது. நான் கொண்டு போனது நான்கு. லாரிக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரட்டை இரட்டையாக நான்கு.

"உள்சக்கரத்துக்கு வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி. "அதும் சேந்துதானே உருளுது."

ஆளை அனுப்பி மேலும் இரண்டு வாங்கினோம். அதற்குள் தள்ளிய ஆட்களில் ஒருவர், "ஸ்டெப்னிக்கு?" என்றார். அவர் கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஸ்டெப்னிக்கு நான் குங்குமம் வைத்தேன். மனது கேட்கவில்லை.

பழம் நசுங்கியது. வண்டி வெளியே வந்தது.

அண்ணாச்சி இளவட்ட வயதில் லாரி ஓட்டியவர், லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் இது வேறு பிராணி. கியரைப் போட்டால் முழங்கைவரை அதிரும். உள்ளே பேச வேண்டுமானால் கத்த வேண்டும். நான் "முருகா" என்றால் அவர் "மெதுவாவா?" என்று கத்துவார். மாலையைப் பானெட்டின் மேல் கட்டியிருந்தோம். காற்றில் செவ்வந்தி இதழ் ஒவ்வொன்றாகப் பிய்ந்து ஜன்னல் வழியாக என் மடியில் விழுந்தது. சாமி ஆசீர்வாதம் என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வந்தேன்.

திருமங்கலம் தாண்டியதும் ஒன்றைக் கவனித்தோம். ஜனங்கள் எங்களுக்கு சல்யூட் அடித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் எதிர்ப்பக்கத்து பஸ்ஸையெல்லாம் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டு, விறைப்பாக நின்றார். அண்ணாச்சி திருப்பி சல்யூட் அடித்தார். எனக்கு அது வராது. நான் கும்பிட்டேன். போலீஸ்காரர் குழம்பிப் போய் அவரும் கும்பிட்டார்.

டீ குடிக்க நிறுத்தினோம். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்து வந்து, என் வேட்டியையும் விபூதியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ரெஜிமெண்டு?" என்றார்.

"பூக்கடை" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது வடக்கே இருக்கோ?" என்றார்.

இந்த சல்யூட்டுதான் எங்களைக் கெடுத்தது. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நெற்றியில் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அடிக்காவிட்டால் பாவம் என்று அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடித்துக்கொண்டே வந்ததில், சங்கரன்கோவிலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். சேத்தூர் பக்கம் வந்த பிறகுதான் இடது கைப் பக்கம் இருக்கவேண்டிய எங்கள் ரோட்டைக் காணோம் என்று தெரிந்தது.

ஓரமாக நிறுத்தினார். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்காமலே வந்து உதவினார். "ஒரு ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினா வந்த வழியே போயிரலாம்லா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"எங்க வண்டி பின்னால போகாது" என்றார் அண்ணாச்சி அவரிடம்.

"ஏன், மிலிட்டரியில பின்வாங்க மாட்டாங்களோ?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மாடே திரும்பிப் பார்த்தது.

ஆக, நேராகவே போவது, சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டிப் புளியங்குடியில் திரும்பி ஊருக்கு வருவது என்று முடிவானது. ஊரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் போலத்தான் என்று நான் சமாதானம் சொன்னேன். அண்ணாச்சிக்குச் சமாதானம் ஆகவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் சல்யூட் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. நான் எடுத்தேன். மதினி. கோயில் வாசலுக்கு வந்துவிட்டாராம்.

"எங்கன வாறீக?"

"வாசுதேவநல்லூரு மதினி."

"மதுரையிலயிருந்து வாறவுகளுக்கு வாசுதேவநல்லூர்ல என்ன சோலி?"

"சும்மா ஒரு சுத்து."

"இங்கன அய்யர் வெளிய வந்தாச்சு. இன்னைக்கு ஆனி கடைசியாம்லா, அவனவன் வண்டியைக் கொண்டாந்து நிறுத்துதான். நீங்க சுத்துங்க, நல்லா சுத்துங்க. நடை சாத்துனதும் நான் வீட்டுக்குப் போயி கேட்டையும் சாத்துதேன்." போனை வைத்துவிட்டார்.

நானும் போனைப் பையில் போட்டேன். எஞ்சின் சத்தத்தில் அண்ணாச்சிக்கு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "தம்பி, அவ சொன்னா சொன்னதுதாம்வே" என்றார். "இது திரும்பப் போனா வெட்டிருவானுக." ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவது போல. நான் கண்ணை மூடிக்கொண்டு அம்பாளிடம், தாயே, இது அரிசி மூட்டை ஏற்றிய வண்டியாகவே இருக்கட்டும், எங்களை நேரத்துக்குக் கொண்டு சேர்த்துவிடு, வாழ்நாள் முழுக்க உனக்கு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாலை என் செலவு என்று வேண்டிக்கொண்டேன். மாலை ஏற்கெனவே என் கடையிலிருந்துதான் போகிறது, அது வேறு.

ஊருக்குள் நுழையும்போது நடை இன்னும் சாத்தவில்லை. கோபுரம் தெரிந்ததும் நான் எழுந்து நின்று கும்பிட்டேன், தலை கூரையில் இடித்தது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்காகக் கோயில் முன்னால் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கால்கள், மறுபக்கம் கடைகள். நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கே இடம். கோபுர வாசலுக்கு நேரே அய்யர் தீபாராதனைத் தட்டோடு நின்றார். அவர் பக்கத்தில் மதினி, தேங்காய் பழத்தோடு. நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து போனோம். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து பளபளவென்று புத்தம்புது டிராக்டர் ஒன்று வந்தது. இரண்டும் வாசலுக்கு நேரே வந்து மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

டிராக்டர் பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவருடையது. அவர் ஓட்ட, அவர் அம்மா மட்கார்டின் மேல் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் பின்னால எடுங்க" என்றார் டிராக்டர்காரர்.

"நீங்க எடுங்க" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா மேலேயிருந்து கையை நீட்டினார். "ஏலே, எடுக்காத! பூசை போடாம புது வண்டி பின்னால போகப்பிடாது."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என்னைப் போலவே ஒரு ஜீவன்! ஆனால் சந்தோஷப்படுகிற நேரமா அது? நான் இறங்கிப் போய், "எங்களுதும் புதுசுதான்மா" என்றேன்.

அவர் லாரியை முன்னும் பின்னுமாகப் பார்த்தார். "இதுவா? என் கல்யாணத்துக்கு முந்தியே பொறந்திருக்கும் போலயே."

"எங்களுக்குப் புதுசு."

"அப்படின்னா எனக்கு நீருகூடப் புதுசுதான்வே. உமக்கும் பொட்டு வச்சு மாலை போடட்டுமா?"

பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். டிராக்டர்காரரும் அணைத்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டார், அவரும் கட்டிக்கொண்டார். கோயிலுக்குள்ளே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. மதினி அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அய்யர்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார். "சிவன் பெருசா பெருமாள் பெருசான்னு ரெண்டு நாகராஜா சண்டை போட்ட ஊர்தான் இது. அதுக்குத்தானே சுவாமி பாதி இவராகவும் பாதி அவராகவும் உள்ளே நிக்கறார்? அவர் வாசல்லயே வந்து ரெண்டு பேரும் நான் பெரியவன், நீ பெரியவன்னு நிக்கறேளே! இறங்குங்கோ. நகரவே வேண்டாம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தீபாராதனை."

அப்படியே நடந்தது. லாரி மூக்குக்கும் டிராக்டர் மூக்குக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் அய்யர் சூடத்தைச் சுற்றினார். இரண்டு வண்டியும் ஒரே சமயத்தில் கும்பிடு வாங்கின. நானும் அந்த அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மதினி தேங்காயை உடைத்தார். நடை சாத்தப் போவதாக உள்ளேயிருந்து குரல் வந்தது. பூசை முடிந்துவிட்டது. அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அழுத்தினார், இப்போதும் வலிக்கிறது.

"இப்பப் போலாம்லா பின்னால?" என்றார் அந்த அம்மா. "எங்களுக்கு நேரே போகணும். நீங்க எடுங்க."

"தாராளமா" என்று அண்ணாச்சி ஏறினார். எஞ்சினைப் போட்டார். கியரைப் பின்னால் இழுத்தார். கரகரவென்று ஒரு சத்தம். வண்டி நகரவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி கரகர. இன்னொரு பக்கம் தள்ளிப் பார்த்தார். வண்டி ஒரு சாண் முன்னால் போய் டிராக்டரின் மூக்கில் முத்தம் கொடுத்தது.

"ஐயோ, புதுசு! புதுசு!" என்று அந்த அம்மா அலறினார்.

அண்ணாச்சி கியர் கம்பியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளியது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மதுரை பக்தியைப் பற்றி என் அபிப்பிராயம் அந்த இடத்திலேயே கொஞ்சம் மாறியது.

மதினி லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சத்தம் அது?"

நான்தான் சொன்னேன். "ரிவர்ஸ் கியர் இல்ல போலுக்கு மதினி."

"இல்லையா? வாங்கும்போது பார்க்கலையா?"

"நான்தான் போடப்பிடாதுன்னு சொன்னேன். பக்தியில."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேலே, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டீரிங்கில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பையன் மாதிரி இருந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. திருப்பி அனுப்பு என்று மதினி சொன்னால் தடுக்க யாருமில்லை, சொல்ல அவருக்கு நியாயமும் இருந்தது.

மதினி அய்யரிடம் திரும்பினார். "சாமி, பூசை முடிஞ்சாச்சுல்லா?"

"ஆச்சும்மா."

"அப்பம் இது எங்க வண்டிதான்" என்றார் மதினி. தேங்காய் மூடியை என் கையில் கொடுத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகினார். "இம்புட்டு வருசமா இந்த மனுசனைத் தள்ளிக்கிட்டு இருக்கேன். இதையும் சேர்த்துத் தள்ளுதேன். எல்லாரும் என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? வாங்க!"

பந்தல்காரர்கள் வந்தார்கள். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். டிராக்டர்காரரும் வந்தார். அவர் அம்மா பட்டுச்சேலையோடு இறங்கி வந்து, "இந்தக் கிழட்டு யானைக்கு இம்புட்டு வீம்பா" என்று சொல்லிக்கொண்டே மட்கார்டில் கை வைத்தார். நான் ஒரு கையில் தேங்காய் மூடியோடு இன்னொரு கையால் தள்ளினேன். மதினியின் கைத்தடம் பானெட்டுத் தூசியில் பளிச்சென்று பதிந்திருந்தது. லாரி பின்னால் நகர்ந்து, தெரு முக்கில் ஒதுங்கி, டிராக்டருக்கு வழி விட்டது. அந்த அம்மா போகும்போது எங்கள் லாரிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

மதினி வண்டியில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் தார்ப்பாய்க் கூண்டுக்குள் போனேன். அரிசி மூட்டை ஏற்றிய வண்டி என்பதற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை, இல்லை என்பதற்கும் அடையாளம் இல்லை. சாமிக்குத்தான் வெளிச்சம்.

வீட்டுக் கேட்டைத் திறந்து லாரி நேராக உள்ளே போய், தறி ஷெட்டுச் சுவருக்கு முன்னால் மூக்கை வைத்து நின்றது. இரண்டு பக்கமும் சுவர். மதினி இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சரி, உள்ள வந்தாச்சு. இதை இனி எப்படி வெளிய எடுப்பீக?"

அண்ணாச்சி இறங்கவே இல்லை. ஸ்டீரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, அன்று படத்தை நீட்டியபோது நான் பார்த்த அதே சிவந்த முகத்தோடு சொன்னார்.

"எதுக்கு எடுக்கணும்?"